அலுமாரிக்குள் வெடித்த பியர்

போன ஞாயிற்றுக்கிழமை மொன்ட்ரியாலுக்குப் பக்கத்திலுள்ள கர்க்லாண்டில், மகன் வீட்டு பேஸ்மென்டில் நின்று அவன் காய்ச்சிய பியரை முகர்ந்தேன். போத்தலில் அடைத்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. "டேஸ்ட் பண்ணிப் பாருங்கோ அப்பா," என்று கிளாஸை நீட்டினான். பச்சை அப்பிள் மணம். முதிராத பியரின் மணம் அது. இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. "இன்னும் ஒரு மாசம் கிடக்கட்டும்," என்றேன். அவன் முகம் சுருங்கியது.

அவனைக் குறை சொல்லக் கூடாது. மொன்ட்ரியால்-நோரில், மூன்றாம் மாடியில், என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த செல்வமும் நானும் ஒன்றாக இருந்த காலம் நினைவுக்கு வந்தது. தகரத்தில் வரும் மோல்ட் என்ற பார்லிப் பாகை வாளியில் கரைத்து, ஈஸ்ட் தூவிப் புளிக்க வைத்தோம். போத்தலில் அடைக்கும்போது, நல்லாய் நுரைக்கட்டும் என்று செல்வம் சீனியை அளவில்லாமல் அள்ளிப் போட்டான். இரண்டு நாளில் ஒன்றைத் திறந்தும் விட்டான். "கள்ளெண்டா விடிய இறக்கி மத்தியானத்துக்குள்ள குடிக்கவேணும். வைச்சுக் குடிக்கச் சொல்லி ஆர் சொன்னது?" குடித்துவிட்டு அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் மனைவிக்கு விசா கிடைத்தது. கொழும்பில் தாலி கட்டி, சில நாட்கள் மட்டுமே கூட இருந்தவள். செல்வம் லவாலுக்கு இடம் மாறினான். மாப்பிள்ளை குடிக்கமாட்டார் என்பது பெண் வீட்டில் என்னைப் பற்றி ஏற்பட்டிருந்த நல்ல பெயர். ஆகவே போத்தல்களை அலுமாரியில், குளிர்கோட்டுகளுக்குப் பின்னால் ஒளித்தேன்.

வந்தவளோ வாய் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் "ஓம்", இல்லாவிட்டால் "உங்கட விருப்பம்" என்றுவிட்டு ஓரக்கண்ணால் என் முகத்தைப் பார்ப்பாள். ஜன்னலால் பனியைப் பார்த்தபடியே இருப்பாள். திரும்பிப் போக நினைக்கிறாளோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலுமாரிக்குள் படார் என்று ஒரு சத்தம். இருவரும் ஒரே கணத்தில் நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டோம். ஷெல்லடிக்குப் பழகிய உடம்பு, பிளேன் ஏறி வந்தும் திருந்தவில்லை. மேசைக்குக் கீழே அவள் முகமும் என் முகமும் நேருக்கு நேர். அலுமாரிக் கதவின் கீழால் நுரை வந்துகொண்டிருந்தது.

"என்னது அது?"

"பியர்."

"குடிக்கிறேல்லையெண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்கள்?"

"இன்னும் குடிக்கேல்லை. அது முத்தேல்லை."

அவள் சிரித்தாள். நிலத்தில் கிடந்தபடியே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு எழும்பி, ஒரு போத்தலை மெல்லத் திறந்து மணந்தாள். அப்பத்துக்கு மா புளிக்க வைத்தவளுக்கு இதெல்லாம் தெரியாதா? "பச்சை மணக்குது. கிடக்கட்டும், பேந்து பாப்பம்."

அதன்பிறகு ஞாயிறு தோறும் முத்திவிட்டதா என்று பார்க்க ஒரு போத்தல் திறப்போம். ஒரு வாய் குடித்துவிட்டுக் கதைக்கத் தொடங்குவாள். பங்கருக்குள் இருந்து சோதனைக்குப் படித்தது, தம்பியிடமிருந்து தகவல் இல்லாதது, பஸ் டிரைவருக்குப் பிரெஞ்சில் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லப் பயந்தது. பார்த்துப் பார்த்தே போத்தல்கள் தீர்ந்துவிட்டன. முதிர்ந்திருந்தால் அந்தப் பியர் எப்படி இருந்திருக்கும் என்று இன்றுவரை தெரியாது.

செல்வம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டான். அந்தக் கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அதெல்லாம் போகட்டும். இப்போது எங்கள் வீட்டில் அவள் கதைக்கத் தொடங்கினால் எனக்குத்தான் கதைக்க இடம் கிடைப்பதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அது எனக்குப் பிடித்ததா என்று ஓரக்கண்ணால் பார்த்தாளே ஒரு புதுப்பெண், அவளை நான் பிறகு எங்கும் காணவில்லை.