வேலுக்கு அஞ்சாத கன்னம்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில் நின்றவர்கள் வேதாசலத்தைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு முழ நீள வேல் இடது கன்னத்தில் புகுந்து வலது கன்னத்தில் வெளியே வந்திருக்கும். தோளில் புஷ்பக் காவடி ஆடும். ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போகிறவர் போல முகத்தை வைத்துக்கொண்டு படியேறுவார்.

அதே வேதாசலம் ஊசியைக் கண்டால் விழுந்துவிடுவார்.

சின்ன வயதில், பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தபோது புளியமரத்தில் ஏறிக்கொண்டு, வந்தவர்கள் பஸ் ஏறிய பிறகும் இறங்க மறுத்தவர் அவர். கொரோனா ஊசி முகாமில் தனக்கு முன்னால் நின்றவனுக்குக் குத்தியதைப் பார்த்தே சாய்ந்தார். சாயும்போது மேஜை விரிப்பைப் பிடித்துக்கொண்டதால் பஞ்சு, மருந்துப் பெட்டி, பெயர் எழுதுகிற அக்காவின் சாப்பாட்டுக் கேரியர் எல்லாம் அவரோடு கீழே வந்தன. ஊர் இன்றுவரை அந்தத் தயிர்சாதத்தை மறக்கவில்லை.

"ஏன் பாவா, வேல் பெருசா, ஊசி பெருசா?" என்று கேட்பான் மச்சான் பிரகாஷ். மனைவி அன்னம்மாளின் தம்பி. பம்பை மேளம் அடிக்கிறவன். ஆடி மாதம் முழுக்க அவன் குச்சிக்கு ஓய்வில்லை.

"வேல சாமி குத்துது. ஊசிய மனுசன் குத்துறான். மனுசன் கை தப்பும்டா."

கேட்க நல்ல பதில்தான். சொன்னவருக்குத்தான் அது போதவில்லை. சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வரப்பில் நின்று யோசிப்பார். மலையில் பயப்படாமல் இருப்பது யார்? சாமி என்றால், மிச்ச நாளெல்லாம் இந்த உடம்பில் இருக்கிறவன் வெறும் கோழையா? நான்தான் என்றால், அந்த நான் ஊசி வரும்போது எங்கே போய் ஒளிந்துகொள்கிறேன்?

உண்மையில் இந்த அலகு வேண்டுதலே அவருடையதல்ல. மகள் மோனிஷா குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. அன்னம்மாள் மலையைப் பார்த்துக் கும்பிட்டு, "பொண்ணு பொழச்சா அதுக்குக் கண்ணாலம் ஆவுற வரைக்கும் இவரு வருசா வருசம் அலகு குத்திக்குவாரு" என்று வேண்டிக்கொண்டாள். வேண்டியது அன்னம்மாள், கன்னம் வேதாசலத்தினுடையது. பக்கத்தில் நின்றவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மோனிஷாவுக்கு வருகிற ஆவணியில் கல்யாணம். ஆகவே இந்த ஆடிதான் கடைசி அலகு. இது நடந்தால் வேண்டுதல் தீர்ந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தான் கடைவாய்ப்பல் சொத்தையாகி, கன்னம் பணியாரம் போல வீங்கியது. கிராம்பு வைத்தார்கள், உப்புத் தண்ணீர் கொப்பளித்தார்கள். வீக்கம் பணியாரத்திலிருந்து போண்டாவுக்கு வளர்ந்தது. அலகு குத்தும் பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இந்தக் கன்னத்துல நான் வேல் ஏத்த மாட்டேன். பல்லப் புடுங்கிகினு வா" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டேஷன் பக்கம், ஒரு உரக்கடையின் மாடியில் டாக்டர் சுஜாதாவின் பல் ஆஸ்பத்திரி. சீட்டு எழுதுகிற பெண் நோயாளியின் பெயரைக் கேட்டாள். அன்னம்மாள் கணவன் பெயரைச் சொல்லும் வழக்கமில்லை. ரேஷன் கடையில்கூட மகளைத்தான் சொல்லவைப்பாள். வேதாசலமோ வாய் திறக்க முடியாமல் இருந்தார்.

"மோனிஷா நைனா" என்றாள் அன்னம்மாள்.

மோனிஷாவின் அப்பா என்று சொன்னது சீட்டில் பெயராகவே ஏறியது. மோனிஷா நைனா, ஆண்.

முதல் நாள் டாக்டர் வீக்கம் வடிய மாத்திரை மட்டும் கொடுத்தார். வேதாசலம் பெரிய வீரராக வீடு திரும்பினார். வீக்கம் வடிந்து இரண்டாம் முறை போனபோதுதான் டாக்டர் மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்தார். வேதாசலம் அதைப் பார்த்தார். நாற்காலிக்கு மேலிருந்த விளக்கு மங்கியது. காதுக்குள் பம்புசெட் ஓடியது.

கண் விழித்தபோது தலை கீழேயும் கால் மேலேயும் இருந்தன. நாற்காலியை அப்படிச் சாய்த்திருந்தார்கள்.

"பயந்தா சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர். "இதயம் திடீர்னு மெதுவாகிடும். ரத்தம் கால் பக்கம் இறங்கிடும். மூளைக்குப் பத்தாது. இது கோழைத்தனம் இல்லைங்க, உடம்போட சுபாவம். ஊசி போடறப்போ முஷ்டியையும் தொடையையும் இறுக்கி வெச்சுக்கங்க, மயக்கம் வராது."

வேதாசலம் இறுக்கினார். ஊசி கண்ணில் பட்டதும் எல்லாம் தானாகத் தளர்ந்தது. மறுபடியும் கால் மேலே போனது.

"இவரு வருசா வருசம் மூஞ்சியில வேல் குத்திக்கிறவருங்க" என்றாள் அன்னம்மாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

டாக்டர் நம்பவில்லை. பிரகாஷ் போனில் போன வருஷத்து வீடியோவைக் காட்டினான். அடுத்தவரை வாய் திறக்கச் சொல்லியே பழகிய டாக்டர், தன் வாயைத் திறந்தபடி கடைசிவரை பார்த்தார்.

"இது எப்படின்னா, விரதம், கூட்டம், மேளம் எல்லாம் சேர்ந்து உடம்பை முறுக்கேத்திடுது. நெஞ்சு வேகமா அடிக்குது. வலியை அமுக்குற மருந்தை உடம்பே சுரக்குது. இங்கே டியூப் லைட்டும் நானும்தானே இருக்கோம்" என்று சிரித்தார். "அந்தப் பம்பையை இங்கே கொண்டாந்தாத்தான் உண்டு."

டாக்டர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பம்பைக்காரனிடம் அப்படி விளையாடக் கூடாது.

"அதுக்கின்னா மேடம், எடுத்துகினு வந்துட்டா போச்சு" என்றான் பிரகாஷ்.

அடுத்த முறை ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் ஒரு பம்பையும் வந்து இறங்கினார்கள். படியில் பம்பையைப் பார்த்த டாக்டர் தலையில் கை வைத்தார். பிறகு வேதாசலத்தின் கன்னத்தைப் பார்த்தார். அது மீண்டும் உப்பத் தொடங்கியிருந்தது. "கற்பூரம் கொளுத்தக் கூடாது. சத்தம் பத்தே நிமிஷம்" என்று உள்ளே விட்டார்.

பிரகாஷ் மெதுவாகத் தொடங்கினான். நெற்றி நிறைய விபூதியோடு வேதாசலம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். தும்மல் வரும் வரும் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு காத்திருப்பவனைப் போல அருளுக்குக் காத்திருந்தார். வரவில்லை. பம்பை ஏறியது, அவர் ஏறவில்லை. மருந்து வாசனைதான் வந்தது. வெளியே பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் எழுந்து, "எனக்கு வலி போய்டுச்சும்மா, நான் கெளம்புறேன்" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"வரலைடா" என்றார் வேதாசலம், கண்ணைத் திறக்காமல். "நம்மளால ஆவாது. வேண்டுதல் அந்தரத்துல நிக்கப் போவுது."

அப்போது கதவு படாரென்று திறந்தது.

அன்னம்மாள் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து இடுப்பில் புரண்டது. கண் பெரிதாகியிருந்தது. உடம்பு பம்பைக்கு ஏற்ப ஆடியது.

பிரகாஷ் பழக்கதோஷத்தில், "வந்திருக்கிறது யாரு தாயி?" என்று கேட்டான்.

"யாரா இருந்தா உனக்கின்னாடா? நிறுத்தாத, அடி."

பிரகாஷ் அடித்தான். அன்னம்மாள் நாற்காலியருகே வந்து விரலை நீட்டினாள்.

"டேய் வேதாசலம்."

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை அவர் கேட்டதே இல்லை. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை உடம்பு விறைத்தது. முஷ்டி மூடியது, தொடை இறுகியது. நெஞ்சு பம்பையைத் தாண்டி அடித்தது. டாக்டர் செய்யச் சொன்னதையெல்லாம் உடம்பு தானாகச் செய்துவிட்டது.

"தொறடா வாய."

திறந்தார். டாக்டர் அந்த நேரத்தை வீணாக்கவில்லை. ஊசி ஈறில் ஏறி, மருந்து முழுவதும் இறங்கியது. வேதாசலம் கண் கொட்டாமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மயக்கம் பக்கத்தில்கூட வரவில்லை.

"இன்னா கொற உனக்கு?" என்றது சாமி.

"ஒம்மும் இம்ம தாயி" என்றார், மரத்துப்போன நாக்கோடு.

பல் வந்தது. தட்டில் 'டங்' என்று விழுந்தபோது பிரகாஷ் முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்து பம்பையை நிறுத்தினான். பெஞ்சில் இருந்தவர்கள் அரோகரா போட்டார்கள். அன்னம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "எனக்கு இன்னா ஆச்சு?" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "புண் ஆறினப்புறம் வந்து காட்டணும். நான் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் வேல். வேலை வெந்நீர்ல நல்லாக் கொதிக்க வைக்கணும். அதுக்கு முன்னாடி இன்னிக்கே கையில ஒரு டிடி ஊசி போட்டுடறேன்."

வேதாசலத்தின் முகம் சுண்ணாம்பானது. பிரகாஷ் குச்சியை எடுத்தான். "வேணாம் தம்பி, கீழ உரக்கடைக்காரர் சண்டைக்கு வந்துட்டார்" என்றார் டாக்டர்.

அன்னம்மாள் சுவரோரம் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பர்ஸின் சின்ன அறையைத் திறந்து, பத்திரமாக வைத்திருந்த கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சாதாரணக் குரலில், ஊசிகளுக்கு நடுவே சொன்னாள்.

"வேதாசலம்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். திரும்பிய நேரத்தில் கையில் ஊசி போட்டாகிவிட்டது.

ஊருக்குத் திரும்பும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டார். "அருள் வர்றதுக்கு முந்தி யாராவது கொண்டை ஊசிய எடுத்து பர்ஸுல வெப்பாங்களா?"

"வாயில பஞ்சு வெச்சிகினு பேசாதீங்க" என்றாள்.

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன தெரிந்துகொள்வது? வந்தது சாமியா, சம்சாரமா என்று தன் உடம்பே பிரித்துப் பார்க்கவில்லை. அந்த வாயிலிருந்து தன் பெயர் வந்ததே அதற்குப் போதுமாயிருந்தது.

புண் ஆறியது, டாக்டரும் சரி என்றார். ஆடிக் கிருத்திகையன்று படியடியில் கூட்டம் நெருக்கியடித்தது. பிரகாஷின் பம்பை உச்சத்தில் இருந்தது. கொதிக்க வைத்துத் துடைத்த வேலைப் பெரியவர் தூக்கினார். வேதாசலம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு அன்னம்மாளைப் பார்த்தார்.

அவளுக்குப் புரிந்தது. சுற்றிலும் உறவுக்காரர்கள், வரப்போகிற சம்பந்திகள். முகம் சிவக்க, விபூதி வைப்பவள் போல அருகில் வந்து அவர் காதோடு குனிந்தாள். என்ன சொன்னாள் என்பது பம்பைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அக்கா சிரிப்பை அடக்குவதைப் பார்த்து பம்பையில் தனக்கு ஒரு அடி தவறிப்போனதாகப் பிரகாஷ் மட்டும் இப்போதும் சொல்கிறான்.

வேல் இடது கன்னத்தில் புகுந்து, பல் இருந்த காலியிடத்தைத் தாண்டி, வலது கன்னத்தில் வந்தது. வேதாசலம் காவடியைத் தூக்கிக்கொண்டு கடைசி முறையாகப் படியேறினார். வேல் இருந்ததால் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. தோள்தான் குலுங்கிக்கொண்டே போனது. பார்த்தவர்கள் அதை அருள் என்று கும்பிட்டார்கள்.