ஒரு தட்டு, இரண்டு தட்டு

போன வருஷம் கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை காலை. பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் எம்.ஆர்.ஐ. அறையில் நடந்தது இது. வெளியே கணவாய்க் காற்று அந்தப் பருவத்துக்கே உரிய கோபத்தோடு ஜன்னல்களைக் குலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே எப்போதும்போலக் குளிர்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். பக்கத்து ஊரான எலப்புள்ளிக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக மூளை, முதுகெலும்பு, முழங்கால் என்று கணக்கில்லாமல் படம் எடுத்தாயிற்று. இதயத்தை மட்டும் நாங்கள் தொட்டதில்லை. அது ஓரிடத்தில் நிற்காது. துடித்துக்கொண்டே இருக்கும், மூச்சு வேறு அதை மேலும் கீழும் ஆட்டும். ஒரு இதயத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதெல்லாம் பெரிய நகரத்து வேலை என்று விட்டுவிட்டோம். கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் போக முடிந்தவர்கள் போனார்கள். போக முடியாதவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பிறகு இதய டாக்டராக ஒரு மலையாள அம்மா வந்தார்கள். "இருக்கிற எல்லாப் படமும் எதுக்கு? தீர்மானம் எடுக்கத் தேவையான படம் மட்டும் போதும். அரை மணி நேரத்துக்குள்ள முடிக்கலாம்" என்றார்கள். மாதக்கணக்கில் பழகினோம். முதலில் உள்ளே படுத்தவன் நானே. என் இதயத்தைத் திரையில் பார்த்தேன். இருட்டுக்குள் ஒரு சாம்பல் நிறக் கைமுட்டி, மூடித் திறந்து, மூடித் திறந்து. நாற்பத்தெட்டு வருஷமாக ஒருநாள் லீவு கேட்காத கூலியாள்! அன்றைக்கெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதன்பிறகு புதன்கிழமைக் காலைகள் இதயத்துக்கென்று ஆகிவிட்டன.

அந்தப் புதன்கிழமை வந்தவர் சூரியநெல்லிப் பக்கத்து எஸ்டேட்காரர். அறுபதை நெருங்கியவர். தேயிலை ஃபேக்டரியில் கொழுந்தை நசுக்கிச் சுருட்டுகிற ரோலர் அறையில் முப்பது வருஷம் நின்றவர். மகள் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோட்டுக் கம்பெனியில் இருப்பதால், மனைவியோடு மலையிறங்கி இங்கே வந்திருந்தார். அவருக்கு இதயக் குழாய்களில் அடைப்பு. அடைப்புக்குப் பின்னால் இருக்கும் தசை உயிரோடு இருந்தால் ஆபரேஷன் செய்யலாம். செத்துத் தழும்பாகியிருந்தால் நெஞ்சைத் திறந்தும் பயனில்லை, கடைசிவரை மாத்திரைதான். எது என்று எங்கள் படம் சொல்ல வேண்டும்.

"உடம்புக்குள்ள கம்பி, பிளேட்டு ஏதாச்சும் வெச்சிருக்குதுங்களா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன். மனைவி பதில் சொன்னார். கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "மூச்சை வெளிய உட்டுப்போட்டு, நிறுத்துங்கன்னா அப்படியே நிறுத்தோணும். சரிங்களா?" அதற்கும் ஆட்டினார். சொன்னதைக் கேட்கிற மனுஷன் என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் படம் கலங்கல். மூச்சு நிற்கவே இல்லை. ஹெட்போனில் ஒலிக்கும் பதிவுக்குரல் மலையாளம், அதனால்தான் என்று மைக்கைப் பிடித்துத் தமிழில் சொன்னேன். கலங்கல். மறுபடியும் சொன்னேன். சேற்றுத் தண்ணீரில் நிலா பார்த்ததுபோலத்தான் வந்தது. என் குரல் என்னையறியாமல் ஏறியது. "ஏனுங்க, பத்து எண்ணற நேரம் மூச்சை நிறுத்தக் கூடாதுங்களா?" அப்போதும் கலங்கல்தான். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "ஆள் பேடிச்சு, பயந்துபோயிருக்கார். இன்னிக்கு விடலாம்."

விடலாம்தான். மலையேறிப் போனவர் இன்னொரு தடவை இறங்கி வரும்வரை அந்த இதயம் பொறுத்திருக்குமா என்பதுதான் தெரியாது.

வெளியே வந்தேன். மனைவி எழுந்து நின்றார். என் நரையைப் பார்த்த பிறகும் நான் அவருக்குத் தம்பிதான்.

"என்ன தம்பி, முடிஞ்சிருச்சா?"

"எங்கீங்க முடியறது? அவரு நாஞ் சொல்றத காதுலயே வாங்க மாட்டேங்கறாருங்க அக்கா."

அந்த அம்மா சிரித்தார்கள். "அவுகளுக்கு எப்படித் தம்பி கேக்கும்? காது போயி பத்து வருசமாச்சே!"

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே?"

"கம்பி இருக்கா, ஆணி இருக்கான்னு கேட்டீக. காது இருக்கான்னு கேக்கலையே? ரோலர் ரூம்ல நின்ன ஆம்பளைக எவுகளுக்குக் காது இருக்கு? அதையெல்லாம் நாங்க ஒரு சீக்குன்னு சொல்லுறதில்ல."

"அப்ப ஃபேக்டரியில எப்படீங்க வேலை நடக்கும்?"

"தட்டித்தான். முதுகுல ஒரு தட்டுன்னா மிசின நிறுத்து. ரெண்டு தட்டுன்னா ஓட்டு. அந்த இரைச்சல்ல யாரு பேச, யாரு கேக்க? நானும் அதே ஃபேக்டரியில தேயிலை சலிச்சவதான்."

நான் உள்ளே ஓடினேன். டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர்கள் ஏற்கெனவே பாதி எழுந்திருந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அம்மாளை உள்ளே விடுவதற்கு முன் இரும்பு, உலோகம் எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டும். செயின், வளையல், மெட்டி. அதற்குப் பிறகும் ஊக்குகள் வந்துகொண்டே இருந்தன. "என்ன தம்பி, போடிமெட்டு செக்போஸ்டுல கூட இம்புட்டு சோதிக்க மாட்டாக" என்றார். எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரி உடுப்பு மாட்டி, காதை அடைத்துக்கொண்டு, கணவர் முகத்துக்கு நேரே போய் நின்றார். வாயால் மூச்சை ஊதி வெளியே விட்டார். அவர் காலில் ஒரு தட்டு தட்டினார். தன் மூச்சை நிறுத்திக் காட்டினார். பிறகு இரண்டு தட்டு.

காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில் அவர் சொன்னார்: "அட, இம்புட்டுத்தானா! இத மொதல்லயே சொல்லுறதுக்கென்ன?"

எல்லோரும் சிரித்துவிட்டோம்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் கையை உயர்த்துவேன். அந்தப் பக்கம் அந்த அம்மா அவர் முழங்காலுக்குக் கீழே ஒரு தட்டு. உள்ளே, குகைக்குள், மூச்சு நின்றுவிடும். அப்படி நின்ற மூச்சை நான் பார்த்ததே இல்லை. நல்ல காது இருக்கிறவர்கள்கூடத் திணறுவார்கள், திருடுவார்கள், நடுவில் ஒரு சின்ன மூச்சு வாங்குவார்கள். இவர் நின்றார், ரோலர் நிற்பதுபோல. கையை இறக்குவேன், இரண்டு தட்டு, ஓடும். ஒரு தட்டு, நிற்கும். திரையில் ஒவ்வொன்றாகப் படங்கள் விழுந்தன, துடைத்த பாத்திரம்போல.

கடைசிப் படத்துக்கு மருந்து ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அந்த நேரமெல்லாம் அந்த அம்மா அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிந்தால் உயிருள்ள தசை, வெள்ளையாகத் தெரிந்தால் தழும்பு. நான் கையை உயர்த்தினேன். படம் வந்தது. அடியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மற்றதெல்லாம் கறுப்பு, நல்ல அழுத்தமான கறுப்பு.

"ஜீவனுண்டு!" என்றார்கள் டாக்டரம்மா. அவ்வளவு சத்தமாக அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

ஆபரேஷன் நடந்தது. ஈஸ்டருக்கு அவர் மாதாகோயில் மேட்டை எங்கும் நிற்காமல் ஏறினாராம். மகள் வந்து சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் படிவத்தில் காதைப் பற்றி ஒரு கேள்வி இப்போது இருக்கிறது, அதை எழுதியவன் நான்தான். இருபது வருஷ அனுபவம் என்று நெஞ்சு நிமிர்த்தியவனுக்கு அந்த ஒரு வரி எழுத அத்தனை காலம் ஆகியிருக்கிறது. கஞ்சிக்கோட்டு இரும்பாலைகளில் காது மந்தமானவர்கள், எங்கள் பாஷை எதுவும் தெரியாத வடக்கத்தித் தொழிலாளர்கள், இப்போது எல்லோருக்கும் தட்டுத்தான். வேறு ஊர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது டாக்டரம்மா அதற்கு 'எஸ்டேட் தட்டு' என்று பேர் சொல்கிறார்கள்.

எத்தனையோ தேசம் தாண்டி வந்த இயந்திரம் அது. ஆனால் எங்கள் மலையில் தேயிலை சுருட்டியவர்கள் உண்டாக்கிய பேச்சு இல்லாமல் அதற்கு எங்கள் ஜனங்களின் இதயம் பிடிபடவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருகிற கர்வத்தை நான் அடக்குவதே இல்லை.