ஏழாம் எண் பெட்டி

ஐஸ்பெட்டியைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்தபடி லெஸ் பெங்கெல்லி எங்கள் ஆய்வகத்துக்குள் வருகிறார். "தம்பி, சீக்கிரம் வாங்கு. சூடே இன்னும் ஆறல." உள்ளே இருப்பது அன்று காலை அவர் கழித்த மலம்.

எழுபத்தோரு வயது. அடிலெய்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். அவர் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களை மாத்திரையில் அடைத்து, நினைவு மங்கத் தொடங்கிய முதியவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறோம். பலிக்குமா என்பது டாக்டர்களுக்கே தெரியாது. மலம் கொடுக்க முன்வந்த வயதானவர்களில் எல்லாச் சோதனையிலும் தேறியவர் லெஸ் ஒருவர்தான். அந்தப் பெருமை அவர் நடையைப் பார்த்தாலே தெரியும்.

அவர் மனைவி டோரீனும் அந்த மாத்திரை சாப்பிடுகிறார். சில காலைகளில் கணவரை "டிரைவர்" என்று கூப்பிடுகிறார், பெயர் வராமல். யாருடையது யாருக்குப் போகிறது என்பது ரகசியம். பெட்டிமேல் ஏழு என்ற எண் மட்டும். ஆனாலும் லெஸ் டோரீனுக்கென்றே பயறும் பார்லியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் தின்கிறார்.

கிளப்பில் வெள்ளிக்கிழமை இறைச்சிக் குலுக்கல். பரிசு விழுந்தால் தட்டு நிறைந்த சாசேஜை அப்படியே நண்பர் கெவ் பக்கம் தள்ளிவிடுவார்.

"பீயை வித்துப் பெரிய மனுஷனாயிட்டியாடா?"

"விக்கல கெவ், சும்மா குடுக்கறேன். உன்னோடத சும்மா குடுத்தாலும் எவனும் தொடமாட்டான்."

சென்ற மாதம் லெஸ்ஸுக்கு முன்பல்லின் வேரில் சீழ். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடலின் நல்ல கிருமிகளும் சாகும். மாதக்கணக்கில் அவரிடம் வாங்காமல் நிறுத்திவைக்க வேண்டும்.

"ஆன்டிபயாடிக் இல்லாம முடியாதா?" என்று பல் டாக்டரிடம் கேட்டிருக்கிறார்.

"பல்லை எடுத்துட்டா வேணாம். ஆனா முன்பல்லு, லெஸ். காப்பாத்தலாம்."

"பிடுங்குங்க."

இளவயதில் அந்தப் பல் தெரிய அவர் சிரித்த சிரிப்பில்தான் டோரீன், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டியும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

போன வாரம் டோரீனும் கூட வந்தார். ஜன்னலில் பெட்டியை வைத்துவிட்டு லெஸ் என்னைப் பார்த்து அகலமாகச் சிரித்தார். டோரீன் பல் போன அந்த இடைவெளியையே உற்றுப் பார்த்தார்.

"லெஸ், கதவை மூடு. பஸ்ஸுக்குள்ள மழை அடிக்குது."

லெஸ் வாயை மூடவில்லை. பெட்டி மேலிருந்த ஏழாம் எண்ணைச் சட்டைக் கையால் துடைத்து, டோரீன் பக்கம் திருப்பி வைத்தார்.