நான்காவது மாடியில் ஓடிய அலை

உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது என் வேலை. பதினாறு வருஷமாகிறது. இதற்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காளவாசல் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் நான்காவது மாடியில், டயாலிசிஸ் வார்டுக்கு வெளியே, சன்ஷேடுக்கு அடியில் முறம் அகலத்துக்கு ஒரு மலைத்தேனீக் கூடு தொங்கியது. வார்டின் கண்ணாடி திறக்க முடியாதது. ஒரு தேனீகூட உள்ளே வராது. இருந்தாலும் மேனேஜர் பயந்துபோயிருந்தார். "நாளைக்கு மருந்தடிக்க ஆள் வாராங்க. நீ அதைத் தொடாம மத்ததைத் துடைச்சிருப்பா" என்றார்.

கூட்டுக்குப் பதினைந்தடி தள்ளி இறங்கினேன். மொட்டைமாடியில் கயிற்றைப் பிடித்தபடி என் கூட்டாளி பாண்டி. வைப்பரைக் கையில் எடுத்தபோது ஒரு கதண்டு, அந்தப் பெரிய குளவி, கூட்டை நோக்கி வந்தது.

கூட்டின் மேல் அப்பியிருந்த தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கி இறக்கின. ஓர் ஓரத்தில் தொடங்கிய அசைவு, நெல்வயலில் காற்று போவதுபோல, மறு ஓரம் வரை ஓடியது. கதண்டு பின்வாங்கியது. மறுபடி வந்தது. மறுபடி அலை. மூன்றாவது தடவை ஆளை விட்டால் போதுமென்று பறந்தே போய்விட்டது.

கண்ணாடிக்கு உள்ளே நான்கு நோயாளிகள். ஒரு கை மெஷினில் மாட்டியிருக்க, மறு கையால் கட்டிலைத் தட்டிக் கொண்டாடினார்கள். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. வைப்பரைத் தூக்கி ஆட்டினேன்.

உடனே கூட்டில் மறுபடி ஓர் அலை. இப்போது அங்கே கதண்டு எதுவும் இல்லை. நான்தான் இருந்தேன்.

கையை மடக்கிக்கொண்டு வாக்கிடாக்கியில், "பாண்டி, ஆட்டாம மெதுவா இறக்குடா" என்றேன்.

"ஏன் மாப்ள, அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

"முதல்ல இறக்கு!"

ஒரு கொட்டுகூட வாங்காமல் தரையைத் தொட்டேன். மேனேஜரிடம் விஷயத்தைச் சொல்லி, கூட்டைக் காட்ட அவரோடு வார்டுக்குப் போனால், அவனியாபுரத்திலிருந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு வரும் ரஹீமா அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒங்களையும் கதண்டுன்னு நெனச்சிருச்சுக!"

வார்டே சிரித்தது. அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், நாலு மணி நேரம் சும்மா சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தோம். இப்பத்தான் பொழுது போகுது. அதுகளக் கொன்னுராதீக."

மேனேஜர் பதில் சொல்ல வாயெடுத்தபோது இன்னொரு கதண்டு வந்தது. அலை ஓடியது. "அட!" என்று கண்ணாடியருகே போனவர், அது மிரண்டு ஓடும்வரை நகரவில்லை. பிறகு போனை எடுத்தார். "நாளைக்கு மருந்தடிக்க வரவேணாம்பா."

கீழே நடைபாதையைக் கயிறு கட்டி மறித்தோம். சீசன் முடிந்து தேனீக்கள் தாமாகக் கிளம்பும்வரை அந்தக் கண்ணாடி அழுக்காகவே இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மலைத்தேனீ பெரும்பாலும் மிரட்டிப் பார்த்த பிறகுதான் கொட்டும். அந்த மிரட்டலைக் கண்டதும் விலகிவிடுங்கள். இன்னொன்று: சந்தோஷம் வந்தால் தரைக்கு வந்து கையை ஆட்டுங்கள். கயிற்றில் தொங்கும்போது வேண்டாம்.