டிரஃபால்கர் கயிறு

"சலாமிஸ இன்னும் ஒரு சாண் இழுலே! எம்டன் தொங்குது பாரு!"

அண்ணாந்து கத்துவார் தாஹா பாய். தேவிபட்டினத்துக்குப் புதிதாக வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சவுக்குக் கட்டையின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் முனியசாமி மட்டும் சரியான கயிற்றைப் பிடித்து இழுப்பான்.

பந்தல் போடுவது பாயின் தொழில். பாய்மரக் கப்பலும் கடற்போரும் அவரைப் பிடித்த பைத்தியம். துபாய் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது மூன்று பாய்மரத்தோடு ஒரு கப்பல் வந்து நின்றதாம். "அன்னைக்கி வேலைக்கே போகல. அங்கனயே நின்னேன்" என்பார். ஆம்ஸ்டர்டாமில் ஐந்து வருடத்துக்கொரு முறை பாய்மரக் கப்பல்கள் கூடும் தேதியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மகள் நஸீஹா பிறந்த தேதியை மனைவி நஃபீசாவிடம்தான் கேட்க வேண்டும். இத்தனைக்கும் வள்ளத்தில் கால் வைத்தாலே மனிதருக்கு வாந்தி.

பந்தல் கயிறுகளுக்கு அவர் வைத்த பெயர்களில் ஒரு கணக்கு உண்டு. வாசல் பக்கத்துக் கயிறு சலாமிஸ். பெரிய படை குறுகலான நீர்வழியில் முட்டி மோதித் தோற்ற போர் அது. கல்யாண வாசலிலும் அதேதான் நடக்கிறது என்பார். சமையல்கட்டுப் பக்கம் எம்டன். சென்னையில் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலைப் போலச் சொல்லாமல் கொள்ளாமல் வரும் விருந்தாளிகள் அந்த வழியாகத்தான் நுழைவார்கள். நடுவில் உள்ள கயிறுகளில் ஒன்று டிரஃபால்கர். நெல்சன் எதிரிக் கப்பல் வரிசையை நடுவில் பிளந்ததைப் போல, அதை அவிழ்த்தால் மேல்துணி இரண்டாகப் பிரிந்து காற்றுக்கு வழிவிடும். பக்கத்து வீட்டுக்காரன் என்ற ஒரே பாவத்துக்காக இதையெல்லாம் நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தாவைப் பிடித்து உட்காரவைத்து நெல்சன் கதையை ஆரம்பித்தார். பிரியாணி ஆறிப்போனது. நஸீஹாவின் கல்யாணம் வந்ததும் நஃபீசா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நிக்காஹ் முடிஞ்சு மாப்ள வீட்டுக்காரவுக ஊரு போய்ச் சேர்ற மட்டும் கப்பல் பேச்சே கூடாது. நம்மளப் பைத்தியக்காரக் குடும்பம்னு நெனச்சிருவாக."

பாய் சத்தியம் செய்தார். மூன்று நாள் முனியசாமியிடம் கைஜாடைதான். எனக்கே பாவமாக இருந்தது.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. ஐந்து பேருக்கு ஒரு சஹன் என்று பெரிய தட்டுகளில் பிரியாணி வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்து கை வைத்த நேரம், மேற்கேயிருந்து கச்சான் காற்று கிளம்பியது. மேல்துணி உப்பியது. கட்டைகள் முனகின. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் அதற்கு நேர் கீழே.

பாய் எழுந்து நின்றார். "முனியசாமி! அந்த... நடுவுல உள்ளத அவுருலே!"

"எதப் பாய்? பேரச் சொல்லுங்க!"

"அதான்லே, அந்த... நடுவுல!"

நடுவில் ஆறு கயிறுகள் இருந்தன. முனியசாமி ஒன்றைத் தொட்டான், விட்டான், இன்னொன்றைத் தொட்டான். ஒரு கட்டை தரையைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. பாய் பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தார். செய்த சத்தியம் பேரைச் சொல்லவிடவில்லை.

அப்போது அந்தத் திரைக்குள்ளிருந்து நஃபீசாவின் குரல் வெடித்தது.

"ஏ முனியசாமி! டிரஃபால்கர அவுருப்பா!"

கண் இமைப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. துணி இரண்டாகப் பிரிந்தது, காற்று மேலே போனது, கட்டை தன் குழியில் இறங்கியது. எல்லார் தலையிலும் வெயில் அடித்தது. ஒரு சோற்றுப் பருக்கைகூடச் சிந்தவில்லை.

தன் சஹனுக்குத் திரும்பி உட்கார்ந்த பாயின் பக்கம் சம்பந்தி ஆவலோடு நகர்ந்து வந்தார். "அது என்னங்க சம்பந்தி, டிரஃபால்கரு?"

பாயின் முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. திரைக்குள் யாரோ லேசாகச் செருமினார்கள்.

பாய் ஒரு பெரிய கவளமாக அள்ளி, திறந்த தன் வாயிலேயே அடைத்துக்கொண்டார்.