கிளட்சை அழுத்தியது யார்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் ஒரு பொதுத்துறை ஆலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். அங்கே ஆவியே வந்தாலும் கேட் பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், பாஸுக்கு மூன்று கையெழுத்து வேண்டும், அதற்குள் அதுவே அலுத்துப்போய்த் திரும்பியிருக்கும். ஆகவே இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்தப் பத்தியோடு நிறுத்தியிருப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகும் நானும் என் மனைவி வத்சலாவும் கொல்கத்தாவிலேயே தங்கிவிட்டோம். டாக்குரியாவில் இரண்டாவது மாடி. கீழே பொதுக் காரேஜில் என் பழைய அம்பாசிடர். என்னைவிடப் பத்து வயது இளையது, ஓடுவதைத் தவிர மற்ற எல்லாம் நன்றாகச் செய்யும். இரண்டு வருடத்துக்கு முன் மழைக்காலத்தில் அதன் அடியிலிருந்து எண்ணெய் ஒழுக ஆரம்பித்தது. நான் அட்டை விரித்து வைத்தேன். அட்டையைத் தாண்டியும் ஒழுகியது. முதல் மாடி சர்க்கார்-தா, அதாவது சர்க்கார் அண்ணன், அதில் வழுக்கி விழுந்து, நல்லவேளை உட்கார்ந்த நிலையில் விழுந்து, நாளைக்குள் ஒழுகலை நிறுத்தாவிட்டால் வண்டியைத் தெருவில் விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் விஸ்வகர்மா பூஜை. இந்த ஊரில் அன்றைக்கு யாரும் ஸ்பானரைத் தொடமாட்டார்கள். கருவிகளைக் கழுவி, பொட்டு வைத்து, சாமிக்கு முன் அடுக்கிவிடுவார்கள். என் மெக்கானிக் தபனுக்கு போன் செய்தேன். ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். "ஆஜ் ஹாத் தெபோ நா, மேஷோமொஷாய்" என்றார். இன்று கை வைக்கமாட்டேன் மாமா என்று அர்த்தம். பிறகு, நீங்களும் வைக்காதீர்கள் என்று மெதுவாகச் சொன்னார். எங்கள் ஆயுத பூஜை இன்னும் சில வாரம் கழித்துத்தான் வருகிறது, உங்கள் சாமியின் விடுமுறைப் பட்டியல் எனக்குப் பொருந்தாது என்று பதில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

காலை பதினொன்றரை இருக்கும். வெளியே நல்ல வெயில். மொட்டை மாடிகளில் பட்டம் விடும் கூச்சல், ஆட்டோ ஸ்டாண்டில் சாமி வைத்து, ஒலிபெருக்கியில் காது கிழியப் பாட்டு. நான் எல்லாவற்றையும் முறைப்படி செய்தேன். முன் சக்கரங்களைச் சாய்வுக் கட்டைகள்மேல் ஏற்றினேன், கைபிரேக் போட்டேன், பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தேன், பேட்டரி ஒயரைக் கழற்றினேன், சாவி என் சட்டைப் பையில். அடியில் போய் மல்லாந்து படுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை வேண்டும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் இருக்கும் உறையின் அடியிலிருந்துதான் சொட்டியது. அது கியர் பாக்ஸ் எண்ணெயாகவும் இருக்கலாம், கிளட்ச் பெடலின் அழுத்தத்தைக் கொண்டுவரும் திரவமாகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும், மற்றவர் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். பெடலை அழுத்தினால், கீழே படுத்திருப்பவன் முகத்துக்கு நேரே ஒரு இரும்பு லீவர் ஒரு விரற்கடை நகரும். விட்டால் திரும்பி வரும். வத்சலாவிடம் சொல்லியிருந்தேன். குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன் என்றிருந்தாள்.

கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. ஸ்பிரிங்குகள் முனகின, வண்டி என்மேல் கொஞ்சம் இறங்கியது, ஆள் உட்கார்ந்தால் இறங்கும் அளவுக்கு. வந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாட்டுச் சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால் உரக்க, "அழுத்து" என்றேன். லீவர் நகர்ந்தது. "விடு" என்றேன். திரும்பியது. இப்படி ஐந்தாறு தடவை. சொன்ன அந்த நொடியே, ஒரு தடவைகூட முந்தாமல் பிந்தாமல். எங்கள் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆகப்போகிறது, நான் சொன்ன எதையும் அவள் சொன்ன நொடியில் செய்ததில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அழுத்திப் பிடி" என்றேன். லீவர் நகர்ந்து அப்படியே நின்றது. நான் டார்ச்சை அடித்து, துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கிளட்ச் திரவம் இல்லை, கந்தக வாடை அடிக்கும் கியர் எண்ணெய்தான், எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீல் போய்விட்டது என்று முடிவுக்கு வந்தபோது பாக்கெட்டில் போன் அடித்தது.

வத்சலா. "ஏங்க, இன்னும் ஒரு விசில் பாக்கி. அடுப்ப அணைச்சிட்டு வந்துடறேன். அதுக்குள்ள எதையாவது பிச்சுப் போட்டுடாதீங்க."

அவள் பேச்சுக்குப் பின்னால் குக்கர் சீறுவது கேட்டது. என் முகத்துக்கு மேலே லீவர் அழுத்தியபடியே நின்றது.

நம்பினால் நம்புங்கள், அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, காரணம் தேடும் பழக்கம். குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று யோசித்தேன். காற்று புகுந்தால் அழுத்தம் குறையத்தான் செய்யும், அதிகமாகாது. வேறு யாராவது ஏறி உட்கார்ந்திருப்பார்களோ? இந்தக் கட்டடத்தில் எங்கள் இருவரைத் தவிர எவருக்கும் தமிழ் தெரியாது. அதை நினைத்த பிறகுதான் பயம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. லீவர் தானாக மெதுவாகத் திரும்பி வந்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி அழுந்தியது. மறுபடி திரும்பியது. ஏன் பேசாமல் இருக்கிறாய், அடுத்தது என்ன என்று கேட்பது போல.

வெளியே வர வேண்டும், முதுகைத் தரையில் தேய்த்து ஒரு முழம் நகர்ந்தால் போதும். நகர முடியவில்லை. என் தலைக்கு மேலே தகட்டில் குதிகாலால் தட்டுவது போல இரண்டு தட்டு. அப்புறம் வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே இருப்பது ஜன்னல் வழியாகக் குனிந்து கீழே பார்த்தால் எப்படிச் சாயுமோ அப்படி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில், நடுப்பகலில், பக்கத்தில் ஊரே பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

செருப்புச் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தேன். வத்சலாவின் கால்கள், அவளுடைய நீலச் செருப்பு, புடவைக் கரை. நேராக டிரைவர் பக்கம் வந்தாள். வராதே என்று சொல்ல நினைத்தேன், சத்தம் வரவில்லை. உள்ளே இருந்தது இறங்கவில்லை. அந்தக் கதவுக்குக் கீழே தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் இறங்கவில்லை. அவள் கதவைத் திறந்தாள், கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள், சாத்தினாள். வத்சலா ஒன்றும் இளைத்த உடம்புக்காரி அல்ல. ஆனால் அவள் ஏறி உட்கார்ந்தபோது வண்டி ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"வந்துட்டேங்க. சொல்லுங்க" என்றாள்.

எப்படியோ குரலைக் கூட்டி, "எறங்கு" என்றேன்.

"இப்பத்தானே ஏறினேன்?"

நான் பதில் சொல்லும் முன் லீவர் நகர்ந்து கடைசிவரை போய் நின்றது.

"வத்சலா, நீயா அழுத்தற?"

"நீங்க சொல்லாம நான் எதுக்கு அழுத்தப்போறேன்? இங்க சும்மாதான் உக்காந்திருக்கேன்."

அதன் பிறகு எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. முழங்கை தோல் உரிந்திருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். கதவைத் திறந்தேன். அவள் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. அவளுடைய இடது கால் கிளட்ச் பெடல்மேல் இருந்தது, தரையோடு தரையாக அழுத்தியபடி. நான் அதைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளும் குனிந்து பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பது போல ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "அட" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காலை எடுத்தாள். கையைப் பிடித்து அவளை வெளியே இழுத்தேன். கை வலிக்குது, என்ன ஆச்சு உங்களுக்கு, முகமெல்லாம் வெளுத்துப்போச்சே என்று மாடிப்படி ஏறும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். வெயில் என்றேன்.

இரண்டு நாள் கழித்துத் தபன் வந்து சீலை மாற்றினார். கிளட்சைப் பார்க்கச் சொன்னேன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார். அந்த வண்டியில் யாராவது செத்தார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் விசாரித்தேன். இதற்கு முன் அதை வைத்திருந்தவர் டாலிகஞ்சில் உயிரோடு, நல்ல பசியோடு இருக்கிறார். விபத்து இல்லை, தற்கொலை இல்லை, கதையாகச் சொல்ல ஒன்றுமே இல்லை. அடுத்த மாதமே வண்டியை விற்றேன். தொல்லை விட்டது என்று வத்சலா சந்தோஷப்பட்டாள். என் மகனிடம் ஒருமுறை மேலோட்டமாகச் சொன்னேன். தண்ணி நிறையக் குடிங்கப்பா என்றான்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

வத்சலா மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தூங்குவாள். வண்டி விற்ற சில வாரத்தில் கவனித்தேன். நல்ல தூக்கத்தில் அவளுடைய இடது கால் மெதுவாக நீளும், கட்டிலின் கால்மாட்டுப் பலகையில் பாதம் பதியும், அழுத்தும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். பிறகு திரும்பும். வலது கால் அசையாது. எழுந்த பிறகு கேட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கெண்டைக்கால் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஒரு நாள் அழுத்திய கால் திரும்பவேயில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கெண்டைச் சதை நடுங்கியது, பலகை முனகியது, அவள் முகம் மட்டும் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், என்னை அறியாமல், மிக மெல்ல, "விடு" என்றேன்.

அந்த நொடியே விட்டது.

இப்போது தினமும் மத்தியானம் நான் அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் படிக்கிறேன் என்று நினைக்கிறாள். அந்தக் கால் நீளும்போது மனதுக்குள் எண்ணிக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்கிறேன். இதுவரை ஒருமுறையும் கேட்காமல் இருந்ததில்லை. அன்று வண்டிக்கு அடியிலிருந்து முதலில் சொன்ன அந்த மற்ற வார்த்தையை நான் இந்த வீட்டில் எதற்காகவும் வாய்விட்டுச் சொல்வதில்லை. லிஃப்ட் பட்டனைக்கூட அவளிடம் சொல்லாமல் நானே போய்த் தொட்டுக்கொள்கிறேன்.