கவ்வாத்துசாமிக்குக் கம்பனி போட்ட பூசை

தோட்ட மானேஜரான எங்கள் பெரிய துரை சப்பாத்தைக் கழற்றி நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். றக்வானைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல்மலை மரத்தடியில் நட்டிருக்கும் கவ்வாத்துசாமிக் கல்லின் முன்னால் வெள்ளைக் காலுறையோடு நின்றார். நெற்றியில் விபூதி, குங்குமம். பக்கத்தில் மூன்று வெளிநாட்டுக்காரர்கள், கழுத்தில் மாலையும் கையில் கமராவுமாக. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் அப்போது தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இங்கிலீஷ் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். அரசாங்கம் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் கம்பனி மளமளவென்று வளர்ந்து, கொழும்புச் சந்தை போதாதென்று வெளிநாட்டுப் பங்குச் சந்தைக்கும் போகக் கிளம்பியிருந்தது. வந்தவர்கள் அதற்கு ஏற்பாடு செய்கிறவர்கள். பங்கு வாங்குகிறவனுக்குக் காட்டக் கொழுந்து நிறைய வேண்டும் அல்லவா? அதனால் கவ்வாத்தை நிறுத்திவிட்டார்கள். தேயிலைச் செடியைச் சில வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட வேண்டும், அதுதான் கவ்வாத்து. வெட்டினால் சில மாதங்களுக்குக் கொழுந்து கிடையாது. வெட்டாமலே விட்டால் செடி கெட்டுப்போகும். கெடுவது பிறகுதானே, பங்கு விற்பது இப்போதல்லவா! செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து, பெண்கள் கொப்பை வளைத்து வளைத்துக் கொழுந்து எடுத்தார்கள்.

என் சித்தப்பாதான் கவ்வாத்துக் கங்காணி. கவ்வாத்து இல்லாததால் அவரும் ஆட்களும் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி வேலையிலிருந்து நின்றுவிட்டாள். மகள் றக்வானையில் படித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு வேலை இருக்கும் வரைதான் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பரா அவர்களுடையது. வந்தவர்களுக்குப் பூசை ஒன்று காட்ட வேண்டும், சேவல், தேங்காய், கத்தி எல்லாம் இருக்க வேண்டும் என்று துரை சொன்னபோது சித்தப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பூசையைக் கவ்வாத்துத் தொடங்கும் அன்றுதான் போடுவார்கள். சாமி முன்னால் வைத்து எடுத்த கத்தி அன்றைக்கே செடியை வெட்ட வேண்டும். வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுபோனால் அது ஆளை வெட்டும் என்று எங்கள் ஆட்களுக்குப் பயம்.

“பூச போட்டா அன்னைக்கே மலையில கத்தி வைக்கணுங்க தொர” என்றார் சித்தப்பா, என் முன்னாலேயே. துரை தொலைபேசியைக் காதில் வைத்தபடி, “ஹரி, ஹரி, செய்ங்க” என்று கையை ஆட்டினார். ஹரி என்றால் சிங்களத்தில் சரி. துரையே சரி என்றுவிட்டார், பிறகென்ன?

பூசை நடந்தது. இந்த மக்கள் கம்பனியைத் தாயாக நினைக்கிறார்கள் என்று துரை இங்கிலீஷில் அள்ளிவிட்டார். பிறகு துரையும் வந்தவர்களும் நானும் பங்களாவுக்குச் சாப்பிடப் போனோம். திரும்பி வரும்போது மேல்மலையின் பச்சையைக் காட்டவென்று துரை வளைவில் ஜீப்பை நிறுத்தினார். பாதி மலை மொட்டையாக நின்றது! சித்தப்பாவும் ஆட்களும் வியர்க்க விறுவிறுக்க வெட்டித் தள்ளியிருந்தார்கள்.

“மொனவத மே கரன்னே?” என்ன செய்கிறாய் என்று துரை சிங்களத்தில் கத்தினார்.

“நீங்கதானே தொர செய்யச் சொன்னீங்க” என்றார் சித்தப்பா.

வந்தவர்களில் மூத்தவர், இதைக் கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று என்னிடம் கேட்டார். சித்தப்பாவைக் கேட்டேன். “ரொம்ப வருசமாச்சு பாப்பா. கொழுந்து கொறஞ்சிரும்னு வெட்ட வேணாம்னுட்டாங்க.” துரை என்னைக் கண்ணாலேயே எரித்தார். ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னேன். கம்பனியின் மானம் கப்பலேறிவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு. அந்த மனிதர் துரையைப் பார்த்துச் சிரித்தார். பங்குகள் சந்தைக்கு வரும் வரை மிச்சப் பாதியாவது பச்சையாக இருக்கட்டும் என்றார். துரையும் சிரித்தார். சீ! இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. முகம் தெரியாத யாரோ தலையில் சாகப்போகும் செடியைக் கட்டுவதற்குத்தான் இந்த மாலையும் மரியாதையும்.

மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் சித்தப்பாவின் பெயரைக் கூப்பிடவில்லை. உத்தரவில்லாமல் மலையை வெட்டிய குற்றத்துக்கு அவரை வேலையிலிருந்து நிறுத்தியாயிற்று என்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் பங்களாவுக்குப் பேசப் போனார். வந்து, “கொஞ்சம் பொறுங்கண்ணே, பாப்போம்” என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காம்பராவும் போயிற்று. சித்தப்பா குடும்பத்தோடு வரக்காப்பொலைக்குப் போய், ஒரு முதலாளி வீட்டில் வேலி வெட்டும் வேலையில் சேர்ந்தார். மகள் படிப்பை விட்டுவிட்டுத் தையல் தொழிற்சாலைக்குப் போனாள். பங்குகள் வெளிநாட்டில் நன்றாக விலைபோயினவாம். துரை கொழும்பில் டைரக்டர் ஆனார். பங்கு விற்க அச்சடித்த பளபளப்பான புத்தகத்தில் ஒன்றை எங்கள் பாடசாலைக்கும் அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குக் கக்கூஸ் இல்லாத பாடசாலைக்கு இது வந்தது! அட்டையில் கத்தியோடு கும்பிட்டு நிற்கிறார் சித்தப்பா.

வெட்டாமல் விட்ட பாதி இன்றைக்குக் காடு. பாம்புக்குப் பயந்து யாரும் ஏறுவதில்லை. சித்தப்பா வெட்டிய பாதி மட்டும் அந்த வருஷமே தளதளவென்று துளிர்த்தது. அடுத்து வந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அதைத்தான் கம்பனியின் புதுமுறைப் பராமரிப்பு என்று காட்டினார்கள். அதற்கும் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள், நான் போகவில்லை.

அடுத்த பாடசாலை விடுமுறையில் வரக்காப்பொலைக்குப் போனேன். முதலாளி வீட்டு வாசலில் குரோட்டன் வேலியைக் கத்தரித்துக்கொண்டிருந்த சித்தப்பா, சுகம் விசாரிக்கும் முன்னாலேயே கேட்டார்: “நான் வெட்டுன பக்கம் எப்படி பாப்பா இருக்கு?”

“கொழுந்து பொங்கிக்கிட்டு வருது சித்தப்பா. வர்றவங்களுக்கெல்லாம் இப்ப அதத்தான் காட்டுறாங்க.”

அவர் முகமெல்லாம் சிரிப்பு. கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப தொர இனி என்னயக் கூப்பிட்டுருவாருல்ல?”